ஆத்தாளுக்கு வந்த கெட்ட பெயர்

குருசாமியைத் தெரியாத பனியன் கம்பெனி திருப்பூர் அவிநாசி ரோட்டில் இருந்தால், அது நேற்றுத் திறந்த கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். பேக்கிங் செக்ஷன் மாஸ்டர். வயது நாற்பத்தாறு. தலைமுடி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வர, வாய் மட்டும் வளர்ந்துகொண்டே வந்த மனிதர். செக்கிங் மேசையில் நிற்கும் தூத்துக்குடிப் பெண்களிடம் அவர்கள் தமிழையே பேசிக் காட்டி வாங்கிக் கட்டிக்கொள்வார். பீகார்ப் பையன்களிடம் "ஜல்தி கண்ணு, ஜல்தி சாமி" என்று அவரே உண்டாக்கிய ஒரு மொழி. எல்லாரும் சிரிப்பார்கள், வேலையும் நடந்துவிடும்.

அவருடைய முழுத் திறமை தெரிவது இன்ஸ்பெக்ஷன் அன்று. சரக்கு கப்பலுக்குப் போகும் முன்னால், வாங்குகிறவர்களுக்காகச் சரிபார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, அடுக்கி வைத்த பெட்டிகளில் தன் இஷ்டத்துக்கு நாலைந்தை இழுத்துப் பிரித்துப் பார்ப்பார். தையல் விட்டதோ கறை பட்டதோ கண்ணில் பட்டால் மொத்தச் சரக்கும் நின்றுபோகும். குருசாமி அடுக்கிய சரக்கு ஒருநாளும் நின்றதில்லை.

"மனுசன் குனியவும் மாட்டானுங்க, எக்கவும் மாட்டானுங்க. இடுப்பு உசரத்துல இருக்கற பெட்டியத்தான் இழுப்பான்" என்பது அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம். இடுப்பு உயரத்தில் நிற்பதெல்லாம் தங்கமான பீஸ். சுமாரானவை அடியிலும் உச்சியிலும் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். வந்தவர் எதைத் தொட்டாலும் குருசாமி வைத்ததைத்தான் தொடுவார். தானே தேர்ந்தெடுத்த திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயையும் குடித்துவிட்டுப் போவார்.

இந்தப் புத்தியைக் கம்பெனிக்கு வெளியே அவர் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினார். அதை அஞ்சு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய மனைவியிடம்கூட.

அவருக்கு ஊர், ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் நல்லிக்காட்டுப்பாளையம். மனைவி அனுசுயா உள்ளூரிலேயே ஒரு சின்ன யூனிட்டில் ஓவர்லாக் தைக்கிறவள். ஒரே பெண் தமிழ்மதி. அப்பனுடைய வாய் அப்படியே அவளுக்கும் வந்திருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் ரிப்போர்ட் கார்டில் "நன்றாகப் படிக்கிறாள், பேச்சைக் குறைக்க வேண்டும்" என்று எழுதியபோது, குருசாமி கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எனக்கும் இதையேதான் எழுதுனாங்க கண்ணு, ஒண்ணும் ஆவல" என்று தைரியம் சொன்னார்.

எட்டு வயது முடிந்து ஒன்பது நடக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டார், திருப்பூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் பெரிய டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் போகட்டும், பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் அனுசுயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க ஊருக்குப் போயி ஆத்தாகிட்டப் பூ கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் அது காலங்காலமான வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, உடம்புக்கு முடியாமல் போனதோ, எதுவானாலும் சாமி சித்தம் என்னவென்று கேட்காமல் செய்யமாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்துக் கட்டி மாகாளியம்மன் காலடியில் வைப்பார்கள். சின்னக் குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் நல்லது. சிவப்பு வந்தால் சரிப்படாது. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

குருசாமி பஸ்ஸைவிட்டு இறங்கி, மல்லிகையும் செவ்வரளியும் வாங்கிக்கொண்டு கோயில் மதிலுக்குப் பின்னால் போய் நின்றார். முதல் பொட்டலத்தில் மல்லிகையை வைத்து மடித்தார். இரண்டாவதற்குச் செவ்வரளியை எடுத்தார். கை வரவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள், இருபது வருஷம் பெட்டி அடுக்கிய கை அதற்குத் தெரிந்த வேலையைச் செய்துவிட்டது. செவ்வரளி வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. இரண்டு பொட்டலத்திலும் மல்லிகை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு குழந்தை எடுத்தது. பூசாரி அய்யாசாமி பிரித்துக் காட்டினார். வெள்ளை. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குருசாமி அங்கிருந்தே போன் போட்டு, "வெள்ளை வந்துருச்சு அம்மிணி" என்றார். அந்தப் பக்கம் அனுசுயா ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தது அவர் காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துத் தமிழ்மதி போய்விட்டாள்.

அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லித் தெரியாது. ஆனால் அதற்குப் பின்னால் ஊரில் நடந்தது கொஞ்சம் விசித்திரம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நின்றது அந்த வெள்ளைப் பூவில். "வாக்குக் குடுத்துட்டுக் கைவிட்டுட்டாளே!" என்றார்கள். அனுசுயா பூஜை அலமாரியில் இருந்த மாகாளியம்மன் படத்தைக் கழற்றிப் பழைய துணி மூட்டைக்கு அடியில் சொருகினாள். கோயில் வழியாகப் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்கிற மாதிரியே "பொய்க்காரி" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். மெல்ல மெல்ல மற்றவர்களும் பூ கேட்க வேறு ஊர்க் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்கள். மாகாளியம்மனுக்கு வாக்குச் சுத்தமில்லை என்று பக்கத்து ஊர்வரை பெயராகிவிட்டது.

குருசாமியும் கோயிலுக்குப் போவதில்லை. கோபம் என்று ஊரார் நினைத்தார்கள். கோபமா? அவருக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவதென்று தெரியவில்லை. சாமியை ஏமாற்றப் பார்த்ததால்தான் பிள்ளை போனாளோ என்ற எண்ணம் சாப்பாட்டுத் தட்டிலும் வந்து உட்கார்ந்தது. கம்பெனியில் முன்னைவிட அதிகமாகப் பேசினார், அதிகமாகச் சிரிக்க வைத்தார். வீட்டுக்கு வந்தால் வாய் தானாகக் குறைந்துவிடும்.

இதில் இன்னொரு தொந்தரவு. பூசாரி அய்யாசாமிக்குக் காலையிலும் மாலையிலும்தான் பூசை. மற்ற நேரத்தில் அவர் கம்பெனி வேன் டிரைவர். குருசாமி போய்வருவதும் அந்த வேனில், அதுவும் டிரைவர் பக்கத்து சீட்டில். அஞ்சு வருஷமாக இரண்டு பேரும் மழை, ரோடு, மாட்டுத் தீவனம் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினார்கள். ஆத்தாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். சதீஷ்குமார் விடவில்லை.

சதீஷ்குமார் புதிய தர்மகர்த்தா. முப்பத்தைந்து வயது, சொந்தமாகப் பன்னிரண்டு நிட்டிங் மிஷின். கோயிலையும் கம்பெனி மாதிரி நடத்தினால் நாலே மாதத்தில் சீராகிவிடும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழமை ஊர்க்கூட்டம் வெச்சிருக்கறனுங்க. கோயிலுக்கு வர்ற ஆளே கொறஞ்சு போச்சு. சிஸ்டத்தையே மாத்தோணும். பூ கேக்கறத நிறுத்திப்போடலாம். அய்யாசாமி கைராசி சரியில்லைன்னு எல்லாருமே சொல்றாங்க, வேற பூசாரியப் போட்டுக்கலாம். நீங்க வந்து உங்க விசயத்தச் சொன்னீங்கன்னா ஒருத்தரும் மறுத்துப் பேசமாட்டாங்க."

"வர்றனுங்க தம்பி. அஞ்சு வருசமா அதுக்குத்தான் காத்திருக்கறேன்" என்றாள் அனுசுயா. அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

குருசாமிக்கு வாயில் வைத்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சும்மா இருந்தால் அய்யாசாமிக்குப் பூசாரி வேலை போகும். வாயைத் திறந்தால் அஞ்சு வருஷமாக ஆத்தாள்மேல் இருக்கிற கோபம் மொத்தமும் தன்மேல் இறங்கும். அனுசுயா ஒரு சாமியையே அஞ்சு வருஷம் மன்னிக்காதவள். புருஷன் எம்மாத்திரம்?

மறுநாள் மாலை ஷிப்ட் முடிந்து வேன் ஊர் வந்து சேர்ந்தது. எல்லாரும் இறங்கிய பின்னும் குருசாமி இறங்கவில்லை.

"என்னுங் மாஸ்டர், ஊட்டுக்குப் போறதில்லீங்களா?"

"அய்யாசாமி, ஒரு சமாச்சாரம் சொல்லோணும். அன்னைக்குப் பூ கேட்டனே..."

"ரெண்டும் வெள்ளை. அதுதானுங்க?"

குருசாமி சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"கையில வாங்குனப்பவே தெரிஞ்சு போச்சுங்க" என்றார் அய்யாசாமி, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு பொட்டலத்துலயும் மல்லிகை வாசம். செவ்வரளிக்கு ஏதுங்க அந்த வாசம்? தப்பா நெனச்சுப்போடக் கூடாதுன்னு அப்பறமா இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா வெச்சே?"

"நீங்க நின்ன நெலமைல வேற என்ன பண்றதுங்க?"

"நான் ஏமாத்துனதுனாலதான் எம்புள்ளைய எடுத்துக்கிட்டாளா அய்யாசாமி?"

அய்யாசாமி திரும்பி அவரைப் பார்த்தார். "ஆத்தா என்னுங்க, பையிங் ஆபீஸ்காரரா? பொட்டலத்தப் பாத்துப் பாஸு, பெயிலு போடறதுக்கு?"

"பின்ன எதுக்கு எடுத்துக்கிட்டா?"

"அது எனக்குத் தெரியாதுங் மாஸ்டர். தெரிஞ்சா நான் எதுக்கு வேன் ஓட்டிட்டிருக்கறேன்?"

குருசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே கண்ணில் நீரும் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஊரே ஆத்தாளப் பொய்க்காரின்னு பேசுச்சு. உன்னையவும் பேசுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுக்குங்க சொல்றது? ஆத்தாளுக்குக் கெட்ட பேரு வந்தா அவ தாங்கிக்குவா. புள்ளையப் பறிகுடுத்த மனுசனுக்கு அதையும் சேத்து வந்தா தாங்குமுங்களா?"

சொல்லிவிட்டு, சாயரட்சைப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் பாட்டுக்கு வேனைப் பூட்டத் தொடங்கினார். குருசாமி இறங்கி வீட்டுக்கு நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட யாரையும் அவர் கேலி செய்யவில்லை. மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்.

அன்றைக்கே அனுசுயாவிடம் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை வாயெடுத்தார். மூன்று தடவையும் "கொஞ்சம் தண்ணி குடு" என்று முடிந்தது. நாலாவது தடவை அவளே சொம்போடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. சதீஷ்குமார் மைக் பிடித்து நம்பிக்கை, வளர்ச்சி, சிஸ்டம் என்று கொஞ்ச நேரம் பேசினார். ஆண்கள் கொட்டாவி விட்டார்கள். அய்யாசாமி ஒரு தூணோரமாகக் கை கட்டி நின்றிருந்தார். அப்புறம் அனுசுயா எழுந்தாள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எம்புள்ளைக்குப் பூ கேட்டமுங்க. பொழைப்பான்னு வெள்ளை குடுத்தா. அத நம்பித்தானுங்க நான்..."

"அனுசுயா, நீ உக்காரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குருசாமி நின்றுகொண்டிருந்தார். "ஆத்தா குடுக்கலீங்க. ரெண்டு பொட்டலத்துலயும் நாந்தான் வெள்ளைய வெச்சேன். செவப்பு வந்துருமோன்னு பயந்துட்டு. அவளச் சொல்லிக் குத்தமில்லீங்க. அய்யாசாமியையும் சொல்லிக் குத்தமில்ல. எல்லாம் நான் பண்ணுனது."

சதீஷ்குமார் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இப்படி ஒன்று அவருடைய சிஸ்டத்தில் இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்தில் எருமைக்காரி ராமாயி மெதுவாக எழுந்தாள். "எருமை சினை புடிக்குமான்னு கேட்டப்ப, நானும் ரெண்டும் வெள்ளைதானுங்க வெச்சேன்."

"புடிச்சுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்கீங்க புடிச்சுது!"

அவ்வளவுதான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்களில் நாலைந்து பேர் சட்டென்று நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்ததை வைத்து, அவர்கள் கட்டிய பொட்டலங்களின் யோக்கியதையும் தெரிந்துபோயிற்று. சதீஷ்குமார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பூசாரியை மாற்றும் பேச்சை ஒத்திவைப்பதாக மைக்கில் அறிவித்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அனுசுயா சிரிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்கு வெளியே போய்விட்டாள். குருசாமி பின்னாலேயே போனார். குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தயாராகத்தான் இருந்தார். அவள் கேட்டது வேறு.

"அப்ப அவ சொல்லவே இல்லீங்களா?"

"ஆரு?"

"ஆத்தா. பொழைப்பான்னு அவ சொல்லவே இல்லீங்களா?"

"இல்ல அம்மிணி. நாந்தான் சொன்னேன்."

அனுசுயா தொட்டித் திட்டில் உட்கார்ந்து அழுதாள். அஞ்சு வருஷத்தில் அவள் இப்படி அழுது குருசாமி பார்த்ததில்லை. திட்டுவதற்கு ஒருத்தி இருந்தவரை அவளுக்கு அழ நேரமே இருந்ததில்லை. இப்போது ஏமாற்றியவர் யாரும் இல்லை, முறிந்துபோன வாக்கும் இல்லை. பிள்ளை வந்தாள், எட்டு வருஷம் வாய் ஓயாமல் பேசினாள், போய்விட்டாள். அழுவதற்கு அது ஒன்றுதான் மிச்சம். குருசாமியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அழுகை வந்தது, தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "செவப்பே வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன்."

"வெள்ளை வந்துதே, என்ன பண்ணுனீங்க?"

"அடுத்த பஸ்ஸத்தான் புடிச்சேன்."

"அப்பறம் எதுக்குங்க கேட்டீங்க?"

"நீதானே அம்மிணி கேட்டுட்டு வரச் சொன்னே!"

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். நல்ல அடி, அடுத்த நாள்வரை வலித்தது.

"வெள்ளைன்னு நீங்க சொன்னதுனால அந்த ரெண்டு நாளும் நான் சிரிச்சுட்டே இருந்தனுங்க. தலை சீவி உட்டேன். ஊட்டுக்குப் போனதும் பணியாரம் சுட்டுத் தர்றேன்னு சொன்னேன். எத்தனைன்னு கேட்டா. பதினஞ்சுன்னேன். இருவது வேணும்னா. செவப்புன்னா என்னால அந்தப் பேச்சுப் பேசியிருக்க முடியாதுங்க."

குருசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா நீங்க பண்ணுனது தப்புதான். அஞ்சு வருசம் அவளப் போயி என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்! எந்திரிங்க."

"எங்க?"

"உள்ளதான். வேற எங்க?"

கோயிலுக்குள் கூட்டம் இல்லை. எல்லாரும் இன்னும் கொட்டகையில் ராமாயியிடம் எருமை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அய்யாசாமி அதற்குள் வந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்ததும், நேற்றுக்கூட வந்துபோனவர்களைப் பார்க்கிற மாதிரி தலையசைத்தார்.

அனுசுயா அம்மனுக்கு நேராகப் போய் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு அஞ்சு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, தப்பு தன்மேல்தான் என்று தெரிந்து வாசலில் வந்து நிற்கிறவளின் சங்கடம் அவள் முகத்தில் இருந்தது.

"ஏனாத்தா, இத்தனை திட்டுனனே, நீயாச்சும் சொல்லக்கூடாதா? ஊமையாட்ட நின்னுட்டிருந்தியே!" என்றாள். உரிமையாகத்தான் சொன்னாள். சொன்னதும் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அய்யாசாமி தட்டை எடுத்தார். தேங்காயை உடைத்தார். மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வருகிற எல்லாரிடமும் கேட்கிறதை இவர்களிடமும் கேட்டார்.

"ஆரு பேருக்குங்க அர்ச்சனை?"

முன்பெல்லாம் இந்த இடத்தில் தமிழ்மதியின் பெயரையும் நட்சத்திரத்தையும் குருசாமிதான் முந்திக்கொண்டு சொல்வார். பக்கத்திலேயே நின்று அவள் தன் பெயர் சரியாக வருகிறதா என்று கவனிப்பாள். இப்போது சொல்ல ஒரு பெயரும் இல்லாமல் அவர் அனுசுயாவைப் பார்த்தார்.

கேட்பதற்கு ஒன்றுமில்லை, நீ செய்ததை ஏற்றுக்கொள்கிறேன் என்று வருகிறவர்கள் கோயிலில் சொல்வதற்கு ஒரு வார்த்தை உண்டு. அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக அதைச் சொன்னாள்.

"ஆத்தா பேருக்கே பண்ணீருங்க."